பாடும் நிலாவும் சதுரங்கப் பலகையும்



2020ஆம் ஆண்டு செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. நம் நாட்டு நேரப்படி பிற்பகல் மணி 3.30ஐத் தாண்டியிருந்தது. மாணவர்களின் பயிற்சி நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, சென்னையில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் மறைந்தார் என்னும் செய்தி கைப்பேசியில் வந்து சேர்ந்தது. அன்று மாலை சித்தியவான் நகரில் தேநீர் அருந்தச் சென்ற உணவகத்திலும் அவர் குரலே ஒலித்துக்கொண்டிருந்தது.

அடுத்த சில நாள்களில் அவரைப் பற்றி எத்தனையோ இரங்கல் உரைகள் வெளிவந்தன. எத்தனை மொழிகளில் பாடினார், எத்தனை விருதுகள் பெற்றார் என்று அனைவரும் எழுதினர். அவற்றுக்கிடையே சில வரிகளே கொண்ட ஓர் இரங்கற்செய்தி என் மனத்தில் ஆழப் பதிந்தது. அதை எழுதியவர் இசைக்கலைஞர் அல்லர். சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த். தமக்கு முதன்முதலில் ஆதரவளித்தவர் எஸ்.பி.பி.தான் என்றும், 1983ஆம் ஆண்டில் தேசியக் குழுநிலைச் சதுரங்கப் போட்டியில் பங்கேற்ற தம் சென்னை அணிக்கு அவரே பொருளுதவி செய்தார் என்றும் ஆனந்த் அதில் நினைவுகூர்ந்திருந்தார். பாட்டுக்காரர் ஒருவருக்கும் சதுரங்கப் பலகைக்கும் என்ன தொடர்பு? அந்தக் கேள்வியின் விளைவே இக்கட்டுரை.

விளையாட்டை நேசித்த பாடகர்

எஸ்.பி.பி. 1946ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் சாம்பமூர்த்தி ஹரிகதைக் கலைஞர். மகனோ பொறியியல் படிக்கச் சென்றார். உடல்நலக் குறைவால் அனந்தப்பூரில் படிப்பை இடையில் நிறுத்திச் சென்னைக்கு வந்து பயின்றார். 1966ஆம் ஆண்டில் தெலுங்குப் படத்தில் பாடத் தொடங்கி, 1969இல் ‘அடிமைப்பெண்’ படத்தின் வழியே தமிழ் மக்களின் உள்ளங்களில் இடம்பிடித்தார். இவை நாம் அறிந்தவை.

அவருக்கு விளையாட்டின்மீதும், சிறப்பாகக் கிரிக்கெட்டின்மீதும், தீராத பற்று இருந்தது என்பதைப் பலர் அறியார். கொவிட் நோய்த்தொற்றினால் 2020 ஆகஸ்ட் 5ஆம் நாள் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சில நாள்களில் நிலைமை கவலைக்கிடமாகி, மூச்சுக்கருவியின் துணையோடு வாழ நேர்ந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் சற்றே தேறியபோது, அவருடைய மகனார் சரண் ஒரு தகவலை வெளியிட்டார். தந்தையார் கையடக்கக் கணினியில் கிரிக்கெட்டும் டென்னிசும் பார்க்கிறார் என்றும், ஐ.பி.எல். போட்டிகள் தொடங்குவதை ஆவலோடு எதிர்பார்க்கிறார் என்றும் அவர் கூறினார். பேசவும் இயலாத நிலையில், நாற்பதாயிரம் பாடல்கள் பாடியவர் என்று சொல்லப்படும் அந்த மனிதர் ஆட்டங்களைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறார்.

ஐ.பி.எல். போட்டிகள் செப்டம்பர் 19ஆம் நாள் தொடங்கின. ஆறு நாள்கள் கழித்து எஸ்.பி.பி. மறைந்தார். அன்றிரவே துபாயில் சென்னை அணி களமிறங்கியது. அந்த ஆட்டத்தைப் பார்க்க அவர் இல்லை.

1983இல் ஒரு சிறுவனும் ஓர் உதவியும்

இப்பொழுது 1983ஆம் ஆண்டுக்குச் செல்வோம். எஸ்.பி.பி.க்கு அப்போது வயது 37. அந்த ஆண்டில் வெளிவந்த ‘சாகர சங்கமம்’ படப் பாடலுக்காக அவர் மூன்றாம் முறையாகத் தேசிய விருது பெற்றார். தமிழில் நாம் ‘சலங்கை ஒலி’ என்று அறிந்த படம் அதுவே. ஓய்வின்றிப் பாடிக்கொண்டிருந்த காலம் அது.

அதே ஆண்டில் ஆனந்துக்கு வயது 13. தாயாரிடம் சதுரங்கம் கற்று, சென்னையில் சோவியத்துப் பண்பாட்டு மையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் பயிற்சி பெற்ற பள்ளி மாணவன். அந்நாளில் சதுரங்கத்திற்கு இந்தியாவில் பெரிய விளம்பரமோ வருமானமோ இல்லை. மேனுவல் ஆரோன் 1961ஆம் ஆண்டிலேயே அனைத்துலக மாஸ்டர் பட்டம் பெற்றிருந்தாலும், 1983இல் இந்தியாவில் ஒரு கிராண்ட்மாஸ்டர்கூட இல்லை. எனவே, ஓர் இளைஞர் அணிக்குப் பணம் கொடுப்பவருக்கு அதனால் புகழ் கிடைத்துவிடும் என்று எவரும் எண்ணியிருக்க முடியாது. ஆயினும் எஸ்.பி.பி. கொடுத்தார்.

பின்னர் நிகழ்ந்தது வரலாறு. ஆனந்த் 1987இல் உலக இளையோர் வெற்றியாளரானார். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். 2000ஆம் ஆண்டில் உலக வெற்றியாளர் பட்டத்தை வென்றார். அவர் போட்ட பாதையில் நடந்த சென்னைச் சிறுவர்கள் பலர். அவர்களுள் ஒருவரான குகேஷ் 2024 டிசம்பரில் தம் 18ஆம் வயதில் உலக வெற்றியாளரானார்.

இவ்வெற்றிகளுக்கெல்லாம் எஸ்.பி.பி.யே காரணம் என்று நான் கூறவரவில்லை. அப்படிக் கூறினால் அது வரலாறு ஆகாது. ஆனால், உலகப் பட்டங்கள் பலவற்றைக் குவித்த ஒருவர், 37 ஆண்டுகள் கழித்தும் அந்த முதல் உதவியை மறக்கவில்லை. ஒரு குழந்தைக்குத் தக்க பருவத்தில் செய்யப்படும் உதவி எவ்வளவு காலம் நிலைத்து நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இசையும் ஆட்டமும் உடன்பிறப்புகள்

‘பாட்டுக்காரனுக்கு விளையாட்டு எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. அவர்களுக்காக மேலும் இரு கலைஞர்களை நினைவூட்ட விரும்புகிறேன்.

முதலாமவர் நம் நாட்டின் பி. ரம்லி. 1929ஆம் ஆண்டு பினாங்கில் பிறந்து, 1973ஆம் ஆண்டு தம் 44ஆம் வயதில் மறைந்த ஒப்பற்ற கலைஞர். பள்ளிப் பருவத்தில் அவர் பாடத்தில் நாட்டம் குறைந்த குறும்புக்கார மாணவராகவே இருந்தார் என்பர். ஆனால் இசையிலும், காற்பந்திலும், செபாக் ராகாவிலும் திறமை மிக்கவராக விளங்கினார். ஏட்டுக்கல்வியை மட்டுமே வைத்து அவரை அளந்திருந்தால், அவருக்கு என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும்?

இரண்டாமவர் கடல்கடந்த ஜமைக்கா நாட்டின் பாப் மார்லி. இசைக்கு அடுத்தபடியாக அவர் உயிராய்க் கருதியது காற்பந்து. இசைப் பயணம் செல்லுமிடங்களிலும் தம் குழுவினரோடு பந்து விளையாடுவார். 1980ஆம் ஆண்டு பிரேசில் சென்றபோது, 1970 உலகக் கிண்ணத்தை வென்ற அணியைச் சேர்ந்த பாவுலோ சேசாருடன் சேர்ந்து விளையாடினார். 1977இல் ஆட்டத்தின்போது அடிபட்ட கால்விரலைச் சோதித்தபோதுதான் அவருக்குத் தோல் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அந்நோயே 1981 மே 11ஆம் நாள், 36 வயதில், அவர் உயிரைப் பறித்தது. ஆட்டம் நோயைத் தரவில்லை. மறைந்திருந்த நோயைக் காட்டிக்கொடுத்தது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

நம் பாரதியாரும் இந்த உறவை அறிந்திருந்தார். பாப்பாவுக்கு அவர் வகுத்துத் தந்த கால அட்டவணையில் படிப்பு, பாட்டு, விளையாட்டு ஆகிய மூன்றும் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் நீண்ட பொழுதை விளையாட்டுக்கே ஒதுக்கினார். அப்பாடலை நாம் மாணவர்களுக்கு மனனம் செய்யக் கற்றுக்கொடுக்கிறோம். ஆனால் அதன்படி நடக்கிறோமா?

என் மேசை இழுப்பறையில் கிடந்த சுற்றறிக்கை

இவ்விடத்தில் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடப்பில் இருந்த காலம். ஆண்டு 5இல் படித்த நான்கு மாணவர்கள் ஓய்வு நேரத்தில் சதுரங்கப் பலகையும் கையுமாகவே இருப்பார்கள். ஒரு காய் தொலைந்துபோனதால் அதற்குப் பதிலாகப் பேனா மூடியை வைத்து ஆடுவார்கள். மாவட்ட நிலையிலான போட்டி ஒன்றின் சுற்றறிக்கை வந்தது. பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். வாகனத்திற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பள்ளியில் அதற்கெனப் பணம் இல்லை. கூடுதல் வகுப்புகள் வேறு நடந்துகொண்டிருந்தன. நான் அச்சுற்றறிக்கையை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன்.

அந்நால்வருள் ஒரு மாணவி, “ஐயா, போட்டி எப்போது?” என்று இரண்டு முறை கேட்டாள். “பார்ப்போம்” என்றேன். மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை. பேனா மூடி வைத்து ஆடிய ஆட்டமும் சில வாரங்களில் நின்றுபோனது.

அடுத்த ஆண்டு பெற்றோர் சந்திப்பு நாளில், பள்ளி வேன் ஓட்டும் அவளுடைய தந்தையாரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே ஏற்றிக்கொண்டு போயிருப்பேனே, ஐயா” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை மேலும் வருத்தியது.

பணம் இல்லாததால் அந்தக் குழந்தைகள் போட்டிக்குச் செல்லாமல் போகவில்லை. நான் எவரிடமும் கேட்காததால்தான் செல்லவில்லை. 1983இல் சென்னையில் ஆனந்தின் அணிக்கு எஸ்.பி.பி. கிடைத்தார். எங்கள் அணிக்கும் ஒருவர் பள்ளி வாசலிலேயே வேனை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். எனக்குத்தான் அது தெரியவில்லை.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியர்களே, உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்திற்கும் மொழிக்கும் கடன் வாங்காதீர்கள். வாங்கிய கடனை நாம் ஒருநாளும் திருப்பித் தருவதில்லை. 2011ஆம் ஆண்டில் ‘ஒரு மாணவர் ஒரு விளையாட்டு’ என்னும் கொள்கையை அரசாங்கம் நடைமுறைப்படுத்தியது. யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. இனியும் தேர்வைக் காரணம் காட்டித் திடலைப் பூட்டிவைக்க வேண்டுமா?

பெற்றோர்களே, விளையாடினால் படிப்புக் கெட்டுவிடும் என்று அஞ்சாதீர்கள். 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற நம் நாட்டு ஓட்ட வீரர் எம். ஜெகதீசன், மருத்துவராகவும் உயர்ந்தவர். உங்கள் பிள்ளை பாடகனாக வரலாம், பொறியாளராக வரலாம். எதுவாக வந்தாலும் மாலைநேர ஆட்டம் அவனைக் கெடுக்காது.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, பெருந்தொகை வேண்டியதில்லை. ஒரு பதிவுக் கட்டணம், ஒரு நாள் வேன், நான்கு பொட்டலம் உணவு. சிறிய தமிழ்ப்பள்ளி ஒன்றின் அணி போட்டிக்குச் சென்றுவர இவை போதும்.

எஸ்.பி.பி.யின் பாடல்கள் என்றும் ஒலிக்கும். அவற்றைக் காக்க நம் உதவி தேவையில்லை. அவர் 1983இல் செய்த அந்தச் சிறு செயல்தான் நம் கைகளுக்காகக் காத்திருக்கிறது.

நான் இப்போது சுற்றறிக்கைகளை இழுப்பறைக்குள் வைப்பதில்லை. வந்த அன்றே பெற்றோர்களுக்குத் தெரிவித்துவிடுகிறேன். சதுரங்கப் பெட்டியில் பேனா மூடியும் இல்லை. தொலைந்த காய்க்குப் பதிலாகப் புதியது வாங்கி வைத்துவிட்டேன். அந்த நான்கு மாணவர்களுக்கு அது பயன்படாது என்பதையும் அறிவேன்.

உங்கள் பள்ளியில் இத்தகைய குழந்தைகள் இருந்தால், இன்றே ஒருவரிடம் உதவி கேளுங்கள்.