புள்ளலூர்க் களமும் ஒரு நகைநாடகப் பயணமும்

மார்கழி பிறந்து பருவத் தேர்வுகளும் முடிந்துவிட்டால் எங்கள் இலக்கிய வட்டத்தில் ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழும். விடுமுறைப் பயணம் எங்கே என்பதுதான் அவ்வழக்கு. மாமண்டூர்க் குடைவரை என்பார் ஒருவர். உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டு என்பார் மற்றொருவர். இரண்டையும் பலமுறை பார்த்தாயிற்று. இம்முறை வட்டத்தின் இளைய உறுப்பினர் ஒருவர் எவரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். சென்னையில் கிறிஸ்துமஸ் காலத்தில் நடக்கும் 'பாண்டொமைம்' நாடகத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றால் என்ன என்பதே அது.

வட்டத்தில் பாதிப் பேருக்கு அச்சொல்லே புதிது. ஆகவே பயணத்தைத் திட்டமிடுவதற்கு முன் சொல்லைத் திட்டமாக அறிந்துகொள்ள வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் போல நடித்துக் காட்டுபவன் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. உரோமாபுரியில் அது வாய் பேசாது ஆடும் கூத்தனைக் குறித்தது. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் ரிச் என்பவர் ஆர்லெக்வின் என்னும் கோமாளிப் பாத்திரத்தை வைத்து ஊமைக்கூத்தாக அதை வளர்த்தார். 1737ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் பெற்ற அரங்குகளுக்கு மட்டுமே வசன நாடகத்தை அனுமதித்தது. இலண்டனில் துரூரி லேன், கோவென்ட் கார்டன் ஆகிய இரண்டுக்கே பெரும்பாலும் அவ்வுரிமை இருந்தது. ஏனைய கொட்டகைகள் ஆட்டத்தையும் இசையையும் சைகையையும் நம்பிப் பிழைத்தன. 1843இல் அத்தடை நீங்கியது. ஊமைக்கூத்து வாய் திறந்தது. திறந்த வாயை இன்றுவரை மூடவில்லை. இன்றைய பாண்டொமைம் அமைதியின் எதிர்ப்பதம். வில்லன் பின்னால் வந்து நின்றால் அரங்கிலுள்ள குழந்தைகள் அனைவரும் கத்தி எச்சரிக்க வேண்டும், அதுவே மரபு. கிழவி வேடத்தை ஆண் ஏற்பார். இளவரசன் வேடத்தைப் பலகாலம் பெண்ணே ஏற்றாள். சிண்டரெல்லா, அலாவுதீன் போன்ற எல்லாரும் அறிந்த கதைதான் மேடைக்கு வரும். உள்ளூர் அரசியல் மீது நையாண்டியும் இருக்கும்.

சென்னையில் ஆயிஷா ராவ் 1991இல் தொடங்கிய 'தி லிட்டில் தியேட்டர்' குழு இம்மரபை ஏற்று, எழும்பூர் அருங்காட்சியக வளாகத்து மியூசியம் தியேட்டரில் கிறிஸ்துமஸ் நாடகங்களை நடத்தி வந்திருக்கிறது. அரைவட்டமாகப் படிப்படியாக இறங்கும் இருக்கைகளோடு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அவ்வரங்கைக் காண்பதே ஒரு வரலாற்றுப் பாடம்.

அப்போது வட்டத்தின் மூத்தவர் ஒருவர் குறுக்கிட்டார். காஞ்சியிலிருந்து நகைநாடகம் பார்க்கப் புறப்படுகிறவர்கள் புள்ளலூர் வழியாகத்தான் புறப்பட வேண்டும் என்றார். வழி சுற்றாயிற்றே என்று நாங்கள் முணுமுணுத்தோம். காரணம் கேட்டபின் ஒருவரும் மறுக்கவில்லை.

காஞ்சிக்கு வடக்கே வயல்களுக்கு நடுவே உள்ள சிற்றூர் புள்ளலூர். இரண்டாம் நந்திவர்மனின் காசாக்குடிச் செப்பேடு, முதலாம் மகேந்திரவர்மன் தன் தலையாய பகைவர்களைப் புள்ளலூரில் அழித்தான் என்கிறது. பகைவர் யார் என்று செப்பேடு பெயர் சொல்லவில்லை. ஆயினும் 634ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐகொளெக் கல்வெட்டில் இரவிகீர்த்தி, தன் மன்னன் இரண்டாம் புலிகேசி கிளப்பிய படைத்தூசியில் பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்று பாடியிருக்கிறான். இரண்டையும் சேர்த்து வைத்தே வரலாற்றாசிரியர்கள் புள்ளலூரில் சாளுக்கியர் தடுத்து நிறுத்தப்பட்டனர் என்று கருதினர். வென்றதாக ஒருவர் சொல்லும் களத்தை, ஒளிந்துகொண்டான் என்று மற்றவர் சொல்கிறார். எம் கருத்தில் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். மதிலுக்குள் ஒதுங்கியவன் பின்னர் வெளிவந்து பகைவனைத் துரத்துவது போரில் புதிதன்று.

நமக்கு வேண்டியது அதுவன்று. புள்ளலூரில் வென்றதாகச் சொல்லப்படும் அதே அரசன்தான் 'மத்தவிலாசப் பிரகசனம்' எழுதியவன். நமக்குக் கிடைத்துள்ள வடமொழிப் பிரகசனங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. 1917இல் த. கணபதி சாஸ்திரியார் திருவனந்தபுரம் வடமொழி நூல் வரிசையில் அதைப் பதிப்பித்தார். கதை நடப்பது காஞ்சித் தெருவில். சத்தியசோமன் என்னும் காபாலிகன் தன் துணைவி தேவசோமையோடு கள்ளுண்டு தள்ளாடி வருகிறான். பிச்சைப் பாத்திரமாகிய மண்டையோட்டைக் காணவில்லை. நாகசேனன் என்னும் பௌத்த பிக்குவின் மீது ஐயம் விழுகிறது. நடுவராக ஒரு பாசுபதன் வருகிறான். அவனால் ஒன்றும் தீர்வதில்லை. இறுதியில் நாயிடமிருந்து பிடுங்கிய ஓட்டோடு ஒரு பித்தன் வந்து சேர்கிறான். இவ்வளவுதான் கதை. அரசன் தன் காலத்துச் சமயத்தார் ஒவ்வொருவரையும் தெருவில் நிறுத்திச் சிரிக்கிறான். அறமன்றத்து ஊழலையும் விட்டுவைக்கவில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கிடத்து அது பிறக்கும் என்றார். மத்தவிலாசத்தில் எள்ளலும் பேதைமையும் மடமையும் நிறைந்திருக்கின்றன. இளமைக்குத்தான் அங்கு இடமில்லை. அந்த நான்காவதைக் கிறிஸ்துமஸ் நாடகத்தின் சிறுவர் கூட்டம் நிறைவு செய்கிறது என்று எங்களுள் ஒருவர் சொன்னதைச் சற்று வலிந்து பொருத்தியதாகவே கருதுகிறோம். ஆயினும் பாடம் நடத்த உதவும்.

ஒரு வருத்தம் உண்டு. காஞ்சியை மேடையாகக் கொண்ட இந்நாடகம் காஞ்சியில் ஆடும் மரபு இல்லை. வடமலபார்க் கோயில்களில் சாக்கியர்கள் அதைப் பிள்ளைப்பேறு வேண்டி நேர்ந்துகொள்ளும் கூத்தாக ஆடிக் காத்து வந்தனர். பல்லவன் கேலி செய்த காபாலிகன் அங்கே சிவவடிவாகவே வணங்கப்படுகிறான். நகைநாடகம் ஒன்று வழிபாடாக மாறிப் பிழைத்திருக்கிறது.

புள்ளலூருக்கும் பாண்டொமைமுக்கும் இரண்டாவது உறவும் உண்டு, அது கசப்பானது. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் இப்பகுதியில்தான் ஐதர் அலியும் திப்புவும் கர்னல் வில்லியம் பெய்லியின் படையை அழித்தனர். ஆங்கிலேயர் பொள்ளிலூர் என்று எழுதும் போர் அது. குண்டூரிலிருந்து வந்த பெய்லி, காஞ்சியில் இருந்த எக்டர் மன்றோவின் படையோடு சேர வேண்டும். மன்றோ உரிய நேரத்தில் நகரவில்லை. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. 86 அதிகாரிகளில் 36 பேர் மாண்டனர், ஏனையோர் சிறைப்பட்டனர். செய்தியறிந்த மன்றோ தம் பெரும் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். பெய்லி 1782இல் சீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். அவரோடு சிறைப்பட்ட டேவிட் பெயர்டு 1784இல் விடுதலையாகி, 1799இல் அதே கோட்டையின் மீது ஏறிய படைக்குத் தலைமை தாங்கினார்.

தோற்ற களத்தை ஆங்கிலேயர் எப்படி மறப்பது? மேடையேற்றினர். மூன்றாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்த 1791 ஜூனில் கோவென்ட் கார்டன் அரங்கில் திப்பு சாயிபுவையும் இந்தியாவில் பிரித்தானியர் வீரத்தையும் பற்றிய ஓர் ஊமைக்கூத்து நடந்தது. குதிரை வித்தைக்குப் பெயர்பெற்ற ஆஸ்ட்லியின் கொட்டகையிலும் மைசூர்ப் போர்கள் காட்சியாயின. 1798 நவம்பரில் கோவென்ட் கார்டனில் அரங்கேறிய 'ராமா துரூக்' என்னும் நகை இசைநாடகம், இந்தியக் கோட்டை ஒன்றில் சிறைப்பட்ட ஆங்கிலேயரின் கதை. பெய்லியின் வீரர்கள் ஆண்டுக்கணக்கில் விலங்கோடு கிடந்த துயரம் அவ்வளவு விரைவில் சிரிப்புக்குரியதாயிற்று. மைசூரில் வேறு நினைவு. சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில், பல்லக்கில் விரலைக் கடித்தபடி அமர்ந்திருக்கும் பெய்லியை இன்றும் காணலாம்.

புள்ளலூர் வயலில் நிற்கும் இரண்டு நினைவுத் தூண்களைப் பலரும் பெய்லியின் போருக்கு உரியவை என்று நினைக்கின்றனர். அவை 1781 ஆகஸ்டு 27ஆம் நாள் அயர் கூட் தலைமையில் அதே இடத்தில் நடந்த மறுபோரில் மாண்ட லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன், காப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப் ஆகியோருக்கு உரியவை. பெய்லியின் படையில் பெரும்பான்மையோர் நம்மவர்களான சிப்பாய்கள். அவர்களுக்குக் கல் இல்லை.

ஆகவே திட்டம் இப்படி உருவாயிற்று. விடியற்காலையில் புள்ளலூர்; அங்கே தூண்களைப் பார்த்தபின் மர நிழலில் மத்தவிலாசத் தமிழாக்கத்தைப் பாத்திரம் பிரித்துப் படிப்பது. பின்பு எழும்பூர், அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம், மாலையில் நாடகம். வேன் ஒன்று போதும். நாடக அறிவிப்பு வந்தவுடன் முன்பதிவு. கட்டுச்சாதம் எங்கள் வீடுகளிலிருந்து. புளியோதரையா எலுமிச்சைச் சாதமா என்னும் விவாதம் வாதாபிப் படையெடுப்பைவிட நீண்டது. அதை இங்கே விரிக்கவில்லை.

மாணவர்களிடம் சொன்னோம். முதல் கேள்வி, "இங்கிலீஷ் நாடகம் எங்களுக்குப் புரியுமா சார்?" என்பது. விளக்கினோம். ஆண் கிழவி வேடம் கட்டுவதையும், கோமாளி பார்வையாளரிடம் வாயாடுவதையும், எல்லாரும் கத்திப் பதில் சொல்வதையும் சொன்னோம். இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். அவள் தந்தை கூத்துக் கலைஞர் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

"எங்க அப்பா இருபது வருஷமா திரௌபதி வேஷம் கட்றார் சார். அங்க ஆம்பளை பொம்பளை வேஷம் கட்டுனா டிக்கெட் வாங்கிப் பாக்கறாங்க. எங்க அப்பா கட்டுனா இந்தக் காலேஜ்லயே சிரிக்கிறாங்க."

வகுப்பு அடங்கிப்போயிற்று. எங்களுக்கும் சொல்ல ஒன்றுமில்லை. முந்தைய ஆண்டுவிழாவில் விடியவிடிய ஆடும் கூத்துக் குழுவை வரவழைத்து இருபது நிமிடம் கொடுத்து, சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார் என்று பாதியில் இறக்கிய கல்லூரியில்தான் நாங்களும் பணியாற்றுகிறோம். அன்று மேடைக்குக் கீழே கைதட்டிக்கொண்டிருந்தவர்களும் நாங்களே.

அவள் சொன்னதில் நியாயம் மட்டுமன்று, வரலாறும் இருந்தது. காஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் கட்டைக்கூத்து, தெருக்கூத்து என்று வழங்கும் கலையில் கட்டியக்காரன் செய்வதெல்லாம் இலண்டன் கோமாளி செய்வதே. அவன் அரசனை அறிமுகம் செய்து, அடுத்த நொடியே அரசனை மட்டம் தட்டுவான். நேற்று ஊரில் நடந்த பால் விலைச் சண்டையைத் துரியோதனன் அவைக்கு இழுத்து வருவான். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் ஆகிய மரக்கட்டை அணிகளாலேயே கட்டைக்கூத்து என்னும் பெயர். 1990இல் பெ. ராஜகோபால் உள்ளிட்ட கலைஞர்கள் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினர். காஞ்சிக்கு அருகில் புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை இயங்கிய அதன் குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் வேடம் கட்டக் கற்றனர். சென்னையில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை, புரிசைக் கூத்தர்களிடம் பாடம் கேட்டே தன் நவீன நாடகத்தை உருவாக்கியது. இவ்வளவையும் நாங்கள் வகுப்பில் சொன்னதுண்டு. அந்த மாணவியின் தந்தையை ஒருநாளும் வகுப்புக்கு அழைத்ததில்லை.

நேரே கூத்துக்கே போய்விடலாம் என்றால் பருவம் ஒத்துவரவில்லை. பாரதக் கூத்து பங்குனி, சித்திரை, வைகாசி என வெயிற்காலத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களுக்கு உரியது. இரவெல்லாம் பதினெட்டாம் போர் நடந்து, காலையில் மண்ணால் செய்த துரியோதனன் பேருருவின் முன் படுகளம் நிகழ வேண்டும். மார்கழியில் அதைக் காண இயலாது. பாண்டொமைமைக் கைவிடலாமா என்று எங்களுள் இருவர் கேட்டனர். மாணவியே வேண்டாம் என்றாள். போய்ப் பார்த்துவிட்டு வந்து அப்பாவிடம் சொல்ல வேண்டும், அங்கே ஆண்கள் சேலையை எப்படிக் கட்டுகிறார்கள் என்று அவர் கேட்பார் என்றாள்.

திட்டம் இரண்டாகப் பிரிந்தது. டிசம்பரில் எழும்பூர், சித்திரையில் அவளது ஊர்ப் படுகளம், அதற்கு வழிகாட்டி அவளே. பயண நிதியைச் சரிபாதியாகப் பிரித்தோம். இரண்டாம் பாதி நுழைவுச் சீட்டு இல்லாத கூத்துக்கு நாங்கள் தரும் சீட்டுக் காசு.

புள்ளலூர் வாசிப்பில் ஒரு திருத்தமும் நேர்ந்தது. தேவசோமை பகுதியைப் படிக்க யாரும் முன்வரவில்லை; கள்ளுண்டவளாக நடிக்க மாணவியருக்கு வெட்கம், மாணவருக்கு அதைவிட வெட்கம். அவள் தன் தந்தையைக் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். தமிழாக்கத்தின் படி ஒன்றைக் கொடுத்தனுப்பினோம். நான்கு நாள் கழித்து ஒப்புதல் வந்தது. கூடவே ஒரு கேள்வியும். கதையில் வரும் நாய்க்குத் தனி ஆள் இருக்கிறதா, இல்லை, தம்மோடு வரும் கட்டியக்காரரே குரைத்துவிட்டால் போதுமா என்று.