மூக்கு ஒவ்வாமை

தூசி, பூந்தாது போன்ற தீங்கற்ற பொருளை உடல் பகையென எடுத்துக்கொள்வதால் வரும் நோய். அடுக்குத் தும்மல், நீராய் ஒழுகும் மூக்கு, மூக்கடைப்பு, கண்கடி ஆகியன குறிகள். சளி தொண்டைக்குள் இறங்கிக் கனைக்க வைக்கும். இடைக்காதில் நீர் கட்டிப் பிள்ளைகளின் செவி மந்தமாவதற்கும் இதைக் காரணம் சொல்வர். அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் மருத்துவர் ஒருமித்தாரில்லை. பேச்சு வழக்கில் பீனிசம், அலர்ஜி.

சித்த நூல்கள் பீனிசத்தை ஒன்பதாக வகுக்கும். சீழ்ச்சளி நோயும் அதில் அடங்குவதால் பீனிசமும் மூக்கு ஒவ்வாமையும் ஒன்றென்று கொள்வதற்கில்லை. யூனானி மரபில், அபூ ஸைத் அல்-பல்கீக்கு வசந்தத்தில் ரோசாவை முகர்ந்தால் சளி பிடிப்பது ஏன் என்று மருத்துவர் அர்-ராஸி (இறப்பு ஏறத்தாழ 925) தனிக்கட்டுரையே எழுதினார். ஒவ்வாமையின் முதற்குறிப்பு இதுவென்பாரும், வெறும் மண உறுத்தல் என்பாரும் உளர்.

1819இல் லண்டன் மருத்துவர் ஜோன் பொஸ்டொக் தம் சொந்தத் தும்மலையே நோயாக விவரித்தார். மான்செஸ்டரின் சார்ல்ஸ் பிளாக்லி, அவரும் நோயாளியே, புல்லின் தாதைத் தம் தோலிற் கீறித் தேய்த்துக் காரணத்தைப் பிடித்தார். நூல் 1873இல் வந்தது. 'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் ஆக்கியவர் வியன்னாவின் பிர்கே. 1911இல் லெனார்ட் நூன் தாதுச்சாற்றைச் சிறுகச் சிறுக ஊசியேற்றிப் பழக்கும் சிகிச்சையை வெளியிட்டார். மீன் இல்லாமற் சோறு இறங்காத கரையோரத்தாருக்குச் சுவையானது 1921ஆம் ஆண்டுச் சோதனை. மீன் ஒவ்வாத மருத்துவர் கியூஸ்ட்னரின் குருதிநீரை அவருடன் ஆய்ந்த பிராவுஸ்னிட்ஸ் தம் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றைச் செலுத்த, தடித்துச் சிவந்தது. ஒவ்வாமையைக் கடத்தும் பொருள் குருதியில் இருக்கிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. அப்பொருள் ஐஜிஈ என 1960களின் பிற்பகுதியில் அடையாளம் காணப்பட்டது.

புல்தாதின் கதை இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனை, நற்பிட்டிமுனைப் பக்கத்துக்கு முழுதும் பொருந்தாது. வேளாண்மை வெட்டுக் காலத்தில் சுணையும் பதர்த்தூசியும் தும்ம வைக்கும். அதில் எல்லாமே ஒவ்வாமை அல்ல, உறுத்தலும் உண்டு. ஈரக்காற்றில் மெத்தை, தலையணைக்குள் பெருகும் தூசி உண்ணியே வெப்பமண்டலத்தில் முதன்மைக் காரணி. அதன் பங்கை 1964இல் லைடன் ஆய்வாளர்கள் காட்டினர். நீளம் 0.3 மி.மீ. அளவு.

நோயறிதலில் விசாரிப்பே முதல்: எப்போது, எங்கே, எதைத் தட்டும்போது. தோற்குத்துச் சோதனையில் 15–20 நிமிடத்தில் 3 மி.மீ. தடிப்பு எழுந்தால் உணர்திறன் உண்டு. சில நாள் முன்பே ஒவ்வாமைக் குளிசையை நிறுத்த வேண்டும். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ஐஜிஈ குருதிச் சோதனை செய்யப்படுகிறது.

மல்லித் தண்ணியும் நொச்சி வேதும் ஆறுதல் தரும், ஒவ்வாமையை மாற்றா. பிரிட்டோன் குளிசை தூங்க வைக்கும். செட்டிரிசின் அவ்வளவு தூக்கம் தராது. 1970களில் வந்த ஸ்டெரொய்ட் மூக்கு ஸ்பிரேயே இன்று வலுவான மருந்து. நோன்பில் அதை அடிக்கலாமா என்பது தனி விவாதம். தொண்டைக்கு வந்ததை விழுங்காவிடில் நோன்பு முறியாது என்று 1997இல் ஜித்தாவிற் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவுசெய்தது. ஷாஃபிஈ மரபுநூல்கள் மூக்கின் உள்ளே சென்றடைவதையே முறிவாகக் கொள்ளும். ஸஹருக்கும் நோன்பு திறந்த பின்னுமாக அடித்துக்கொள்வோருக்கு இச்சிக்கல் இல்லை.

நாவின் கீழ் வைக்கும் பழக்கச் சிகிச்சைக் குளிசைகள் இந்நூற்றாண்டின் வரவு.