முற்றத்து மண்ணும் முன்னோர் வரலாறும்: திருநாவலூர்ச் சீமையில் ஒரு தேடல்

பணி ஓய்வு பெற்ற சமணப் பெரியவர் ஒருவர், பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்து, தோட்டத்துப் புதரை வெட்டிச் சீர்செய்ய ஒரு வாரம் ஊரில் தங்குவது, திருநாவலூர், உளுந்தூர்ப்பேட்டைப் பகுதிச் சிற்றூர்களில் இன்று அரிய காட்சியன்று. முதல் இரண்டு நாள்கள் கருவேல முள்ளோடும் கிணற்றடிச் செத்தையோடும் கழியும். சருகைக் குவித்துத் தீ மூட்டாமல், அதனுள் வாழும் சிற்றுயிர்கள் விலகிச் செல்ல இடம் விட்டு, குழியிலிட்டு மட்கச் செய்வது நம் இல்லங்களின் ஒழுக்கம். கிணற்று நீரைத் துணியிட்டு வடித்து, துணியில் தங்கிய உயிர்களை அந்நீரிலேயே திரும்ப விடும் வழக்கத்தை இராட்டினமும் தாம்புக்கயிறும் நினைவூட்டும். மூன்றாம் நாள் பரண்மேல் கை செல்லும். அங்கிருந்துதான் வரலாறு தொடங்குகிறது.

பரணில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை: நிலப் பத்திரங்கள், சாதகக் குறிப்புகள், ஏட்டுச் சுவடிகள். பத்திரங்களைப் படிப்போர் முதலில் இடறி விழுவது ஊர்ப் பெயரிலும் ஆட்சி எல்லையிலுமாகும். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள திருநாவலூர், 2019 வரை விழுப்புரம் மாவட்டத்திலும், 1993க்கு முன் தென்னார்க்காடு மாவட்டத்திலும் இருந்தது. பழைய கல்வெட்டுப் பதிப்புகளில் திருநாவலூர் என்று தேடினால் அகப்படாது. அவ்வூர் அங்கே திருநாமநல்லூர் என்றும், வட்டம் திருக்கோயிலூர் என்றும் குறிக்கப்பட்டுள்ளது. பாட்டனார் பிறந்த ஊர் பதிவேட்டில் இல்லையென்று கைவிட்டோர், பெயர் மாறியிருக்கக்கூடும் என்று எண்ணி மறுபடியும் பார்ப்பது நலம்.

திருநாவலூர் என்றதும் நாட்டார் நினைவில் எழுபவர் சுந்தரர். அவர் பிறந்த ஊரும், அவரை மகன்மை கொண்டு வளர்த்த நரசிங்க முனையரையர் ஆண்ட திருமுனைப்பாடி நாடும் இதுவே. முதலாம் பராந்தக சோழரின் மகன் இராசாதித்தர் இங்கே திருத்தொண்டீச்சுரத்தைக் கற்றளியாக்கினார். அவர் 949இல் தக்கோலப் போரில் பட்டார். தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் வாழ்ந்து, பின்னர்ச் சைவம் திரும்பிய அப்பர் பிறந்த திருவாமூரும் இந்நாட்டதே. இவற்றைக் கொண்டு, நாயன்மார் காலத்தோடு இச்சீமையில் சமணம் மறைந்துவிட்டது என்று சொல்வோர் உளர். நம் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளியில் அவ்வாறே கேட்டு வருகின்றனர்.

அக்கருத்துக்கு மறுமொழி அதே உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் கல்லாகவே நிற்கிறது. திருநறுங்கொண்டைக் குன்றில் பாறையில் செதுக்கப்பட்டு எழுந்தருளியிருக்கும் பார்சுவநாதரை அப்பாண்டைநாதர் என்று வழிபடுகிறோம். நாற்பத்தெண்ணாயிரப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்ற அவ்விடத்தில், நாயன்மார் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பின்னரும், சோழர் ஆட்சியில், அறக்கொடைகளைப் பதிவு செய்த கல்வெட்டுகள் உள்ளன. சைவக் கற்றளியும் சமணப் பள்ளியும் ஒரே சீமையில், ஒரே மன்னர் குடியின் நிழலில் கொடை பெற்றிருக்கின்றன. வாதமும் இருந்தது, வாழ்வும் இருந்தது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது வரலாறாகாது.

குடும்ப வரலாற்றைத் தேடுவோர்க்கு இதனினும் நெருங்கிய ஒரு செய்தி உண்டு. 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி, செஞ்சி நாயக்கர் ஒருவர் சமணரைக் கொடுமை செய்த மரபுக்கதையை 1478ஆம் ஆண்டு நிகழ்ச்சியாகக் குறிக்கிறது. உயிருக்கு அஞ்சிப் பலர் பூணூலைக் களைந்து திருநீறு பூசினர். தாயனூர்க் காங்கேய உடையார் உடையார்பாளையத்தில் அடைக்கலம் புகுந்தார். திண்டிவனத்தை அடுத்த வேலூரில் நீர்க்கரையில் சமண முறைப்படி வழிபாடு செய்து பிடிபட்ட ஒருவர், நாயக்கருக்கு மகப்பேறு வாய்த்த மகிழ்ச்சியால் விடுவிக்கப்பட்டு, சிரவணபெளகொள சென்று கற்று வீரசேனாசாரியார் ஆனார். கொடுமை ஓய்ந்தபின் காங்கேய உடையார் அவரை அழைத்துவர, இருவரும் ஊர் ஊராகச் சென்று பிரிந்தோரைத் திரும்பச் சேர்த்தனர் என்பது கதை.

இதில் குறிக்கப்படும் ஆண்டும், செஞ்சி நாயக்கர் ஆட்சி பற்றி வரலாற்றாசிரியர் கூறும் காலமும் எளிதில் பொருந்தவில்லை. ஆயினும் கதையை முழுவதும் தள்ளிவிட இயலாது. திரும்பாமல் நின்றுவிட்டோர் நீர்பூசி வேளாளர் என்ற பெயரைத் தாங்கினர் என்பதும், தாயனூர் உடையார் மரபினர்க்கு முதல் வெற்றிலை பாக்கு மரியாதை வழங்கப்பட்டது என்பதும், ஒரு பெருந்துன்பத்தின் தழும்புகளாகவே தோன்றுகின்றன. நம் கொடிவழிப் பட்டியலில் திடீரென ஒரு கிளை அறுந்து நிற்கக் கண்டால், அது வாரிசற்றுப் போன கிளையென்று உடனே முடிவு கட்டலாகாது. நீறு பூசிய வீட்டிலும் உறவு இருந்திருக்கலாம்.

சுவடிகளுக்கு வருவோம். பூச்சி அரித்த ஏட்டுக்கட்டை எரிப்பதும் ஆற்றில் விடுவதும் நம்மவர் செய்த பெரும்பிழை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்ததற்கு ஏடுகள் மட்டும் துணையாகவில்லை. கும்பகோணத்துச் சமண இல்லம் ஒன்றில் மாக்கோலமும் தோரணமும் கண்டு அவர் வினவியபோது, சிந்தாமணி படனம் நிறைவுற்ற விழா அது என்று அறிந்தார். காப்பியத்தைப் பாராயண நூலாக வைத்துப் பொருள் சொல்லிவந்த இல்லங்களே அவருக்கு ஐயம் தீர்த்தன. எந்தப் பாட்டியார் எந்த நூலைப் படிக்கக் கேட்டார் என்பதும் குடும்ப வரலாறுதான். அதைப் பத்திரத்தில் காண முடியாது. எண்பது வயதைக் கடந்தவரிடம், கண் துஞ்சும் முன் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏட்டைக் கட்டவிழ்க்குமுன் படம் எடுத்து, இதழ் வரிசையைக் குறித்துக்கொள்வது இன்றியமையாதது. தோட்டத்து மண்ணில் சிலையோ காசோ தென்பட்டால் மேலும் தோண்டாமல் நிறுத்திவிட வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய எதுவாயினும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வழி அறிவிக்கப்படல் வேண்டும். வீட்டுப் பூசையறையில் வைத்துக்கொள்ளும் ஆசை இயல்பே. ஆனால் எடுத்த இடத்தை இழந்த சிலை, எந்தப் பள்ளியைச் சேர்ந்தது என்று சொல்லும் வாயை இழந்துவிடுகிறது.

ஏழாம் நாள் மாலையில் தோட்டம் பாதிதான் சீராகியிருக்கும். பரணிலிருந்து இறக்கிய ஓலைக்கட்டு நிழலில் காய்ந்துகொண்டிருக்கும். பொழுது சாயுமுன் உணவு முடித்துக் கதவைப் பூட்டிப் புறப்படும் பெரியவர் கையில், நான்கு தலைமுறைப் பெயர்களும், ஐந்தாவதற்கு நேராக ஒரு வெற்றுக் கோடும் எழுதிய பழைய கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கும்.