மாதம் ஐம்பது ரூபாய்: 1996 தீர்ப்பும் சிவகாசியின் வறுமையும்

சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய ஆய்வுகளில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு தீர்ப்புக்குத் தனி இடம் உண்டு. அத்தீர்ப்பே தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளிலிருந்து குழந்தைகளை மீட்டது என்றும், அவர்களின் குடும்பங்களை வறுமையிலிருந்து விடுவிக்கும் வழியையும் அதுவே திறந்தது என்றும் ஒரு வாசிப்பு நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. முதற்பாதியை ஓரளவு ஏற்கலாம். பிற்பாதியைத் தீர்ப்பின் நிதி ஏற்பாடே பொய்யாக்குகிறது என்பது என் வாதம்.

இதே வழக்கில் 1990 அக்டோபர் 31 அன்று பிறந்த முந்தைய ஆணை, உற்பத்தி நடக்கும் இடத்துக்கு அப்பால் பொட்டலம் கட்டும் வேலையில் குழந்தைகளை வைத்துக்கொள்ள இசைந்தது. பெரியவர்களுக்கான குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதமாவது அவர்களுக்குத் தரவேண்டும் என்றது. 50,000 ரூபாய்க்குக் காப்பீடும் கேட்டது. ஆறே ஆண்டுகளில் நீதிமன்றம் தன் நிலையை மாற்றிக்கொண்டதை ஆய்வாளர்கள் பாராட்டுகிறார்கள். பாராட்டத் தக்கதுதான். ஆனால் மாறிய இடத்தில் என்ன வைக்கப்பட்டது?

1996 தீர்ப்பின்படி, சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் மறுவாழ்வு நிதியில் கட்டவேண்டும். குழந்தை உழைப்பின் வேர் வறுமையே என்று நீதிமன்றம் தெளிவாக உணர்ந்திருந்ததால், அக்குழந்தைக்குப் பதிலாக அந்தக் குடும்பத்தின் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு ஏற்பாடு செய்யவேண்டும் என்றும் கூறியது. தீர்ப்பின் உயிர்நாடி இதுதான். ஆனால் அடுத்த அடியிலேயே, எல்லோருக்கும் வேலை தருவது அரசின் வளத்துக்கு மீறிய சுமை என்று ஒப்புக்கொண்டு, வேலை தர இயலாத இடத்தில் குழந்தைக்கு 5,000 ரூபாய் வீதம் அரசு அதே மறுவாழ்வு நிதியில் செலுத்தினால் போதும் என்று விட்டுவிட்டது.

அந்தத் தொகையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். குடும்பத்துக்குக் கிடைப்பது முதல் அல்ல, அதன் வருவாய் மட்டுமே. வட்டியைத் தாராளமாக 12 சதவீதம் என்று கொண்டால், முதலாளியின் 20,000, அரசின் 5,000 இரண்டும் சேர்ந்த 25,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 3,000, மாதத்துக்கு 250 ரூபாய். அதில் அரசின் பங்குக்கு உரியது மாதம் 50 ரூபாய். ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ வேலை தேடித்தரும் கடமைக்கு மாற்றாகத் தீர்ப்பு நிர்ணயித்த விலை இவ்வளவே. குழந்தை பள்ளிக்குப் போகாவிட்டால் அதுவும் நின்றுவிடும். வேலை தருவதற்கும் 5,000 ரூபாய் கட்டுவதற்கும் இடையே ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற நிலையில் எந்த நிர்வாகம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

இன்னொரு வரி இதைவிடக் கவனிக்கத் தக்கது; ஆய்வுலகம் அதைத் தொட்டதாக எனக்குத் தெரியவில்லை. பெரியவருக்குத் தரும் வேலை, குழந்தை வேலைபார்த்த அதே தொழிலிலேயே இருக்கலாம் என்கிறது தீர்ப்பு. அதாவது மகள் எழுந்த இடத்தில் தாய் உட்காரலாம். கூலி எவ்வளவு, வெடிமருந்து அறையில் எத்தனை பேர், விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்விகளை இந்த ஏற்பாடு எழுப்பவில்லை. வறுமையை வேராகக் கண்ட நீதிமன்றம், அந்த வேர் ஊன்றியிருந்த மண்ணை அப்படியே விட்டுவிட்டது என்றே நான் படிக்கிறேன்.

முதலாளி யார் என்று அடையாளம் காண முடிந்தால்தான் அந்த 20,000 ரூபாயும் வரும். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு விலக்கு அளித்திருந்தது. வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டும் குடும்பத்தில் தண்டத்தொகை கட்ட எந்த முதலாளியைத் தேடுவது?

குழந்தைகள் பள்ளிக்குப் போனதே தீர்ப்பின் வெற்றிக்குச் சான்று என்பார்கள். சத்துணவும் ஊருக்கு ஊர் பள்ளிகளும் 1996-க்கு முன்பே தமிழ்நாட்டில் வேரூன்றியவை. அவற்றைக் கணக்கில் எடுக்காத காரணகாரிய வாதத்தில் நீண்ட நேரம் செலவிடத் தேவையில்லை. பெரியவரின் கூலியும் பாதுகாப்பும் கூடினால் தொழில் நொடித்துப்போகும் என்ற இன்னொரு மறுப்பு, வாதம் என்பதைவிட அச்சம் என்றே சொல்லத் தக்கது.

பெரியவரின் வேலை எத்தகையது என்று கேட்காமல் விட்டதன் விளைவைப் பின்னர் கண்டோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 38 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் அதேபோன்ற விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஷெட்டுகள் வேறு பலரிடம் உள்குத்தகையில் இருந்தன. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று வட்டாரத்தில் வழங்கும் மூன்று அடுக்கும் எவ்வளவு மருந்து என்று கேட்கின்றன. உள்ளே பீஸ் ரேட்டுக்கு வேலைபார்ப்பவருக்கு யார் முதலாளி என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. அச்சங்குளம் வழக்கைத் தானாக எடுத்துக்கொண்ட தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. தொகை உயர்ந்திருக்கிறது, ஆனால் அணுகுமுறை 1996-இல் கண்டதுதான். ஏற்பாட்டைத் திருத்தாமல் அதன் விளைவுக்குப் பணம் கொடுக்கிறோம்.

சிவகாசி அடங்கிய விருதுநகர் 2018 முதல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று. அதன் முன்னேற்றத்தை அளக்கும் 49 குறியீடுகள் ஊட்டச்சத்து, கல்வி, வேளாண்மை, வங்கிக் கணக்கு, அடிப்படை வசதி ஆகியவற்றைப் பார்க்கின்றன. பட்டாசு ஆலை விபத்து அவற்றில் இல்லை. இம்மாவட்டத்து வறுமையை அளக்க முனைவோர் ஆலை விபத்தையும் பீஸ் ரேட்டையும் அளவையில் சேர்க்கவேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்கும் அதிகாரி, ஒவ்வொரு ஷெட்டையும் உண்மையில் நடத்துபவர் பெயரையும் அங்கே கூலி வாங்குபவர் பட்டியலையும் கேட்டு வாங்கவேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.