‘புதுசு ஒண்ணுமில்லை’

பேடன்ட் வரலாற்றில் ‘முன்பே இருந்தது’ என்பதை நான் ஒரு அதிகாரச் சொல்லாகவே வாசிக்கிறேன். போல்ட் முடுக்கும் சாக்கெட் ஸ்பேனரில், பொத்தானை அமுக்கினால் சாக்கெட் கழன்றுவிடும் அமைப்பை அமெரிக்காவில் 18 வயதில் உருவாக்கியவர் பீட்டர் ராபர்ட்ஸ், சியர்ஸ் கடைச் சிப்பந்தி. 1964இல் முதலாளியிடமே கொண்டுபோனார் (வேறெங்கே போவது?). இதில் புதுசு ஒண்ணுமில்லை, பெரிசா விற்காது என்றார்கள். ஸ்பேனருக்கு 2 சென்ட், மொத்தம் 10,000 டாலருக்கு மேல் கிடையாது. 1975க்குள் விற்றதோ 1.9 கோடிக்கும் மேல்.

மோசடி வழக்கில் ராபர்ட்ஸ் ஜெயித்தார். 10 லட்சம் டாலர் தீர்ப்பு 1978இல் மேல்முறையீட்டிலும் நின்றது. பேடன்டைத் திரும்பப் பெற்று, அதை மீறியதற்காக மறுபடி வழக்குப் போட்டபோது சியர்ஸ் எடுத்த ஆயுதம் அதே பழைய பேச்சுதான்: பழைய வடிவங்களைத் தெரிந்த எவனுக்கும் தோன்றக்கூடியது இது. வாங்கும்போது விலையைக் குறைத்த வாதம், இப்போது காசு கொடுக்காமலிருக்க. 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுவிசாரணைக்கு அனுப்பியது. சமரசத்தில் முடிந்தது 1989இல்.