ஜப்பானில் அயல்நாட்டு ஆசிரியர்களைக் குடியமர்த்தல்

ஜப்பானியப் பள்ளிகளில் கற்பிக்க வரும் அயல்நாட்டவருக்கு வீடு பார்த்துக் கொடுப்பது, அரசு அலுவலகப் பதிவுகளை முடித்துத் தருவது, ஊரோடும் பள்ளியோடும் பழகவைப்பது ஆகிய உதவிகள் மெய்ஜி ஆட்சியின் தொடக்கத்திலிருந்தே நடந்துவருகின்றன. உதவும் அமைப்புகள் காலந்தோறும் மாறின. ஆனால் வந்தவர் ஊன்றி நிற்பாரா என்பதைப் பெரும்பாலும் அந்த ஊரில் அவருக்கு வாய்த்த ஓரிருவரே தீர்மானித்திருக்கிறார்கள்.

ஃபுகுய் சிற்றரசின் அழைப்பை ஏற்று, அறிவியல் கற்பிக்க 1870 டிசம்பரில் யோகோஹாமாவில் வந்திறங்கினார் அமெரிக்கரான வில்லியம் எலியட் கிரிஃபிஸ். அந்நாளில் வெளிநாட்டவர் ஒப்பந்தத் துறைமுகங்களை விட்டு விருப்பம்போல் உள்நாட்டில் போய்க் குடியிருக்க முடியாது. 1899 வரை இந்தக் கட்டுப்பாடு இருந்தது. ஆகவே வீடு, காவல், மொழிபெயர்ப்பாளர் எல்லாமே அழைத்தவரின் பொறுப்பு. ஃபுகுய் அவருக்கு மேற்கத்திய பாணியில் ஒரு வீட்டையே கட்டித் தந்தது. டோக்கியோவில் அவருக்கு வழிகாட்டியவர், 1859 முதல் ஜப்பானில் வாழ்ந்துவந்த டச்சுக்காரப் பாதிரியார் கீடோ ஃபெர்பெக். 1871இல் சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டன. அழைத்த அரசே இல்லாமல் போனதால் மறு ஆண்டு கிரிஃபிஸும் டோக்கியோவுக்குப் பெயர்ந்தார்.

எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்னின் கதை வேறு. 1890இல் மாட்சுயே நடுநிலைப் பள்ளியில் சேர்ந்த அவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அங்கே ஆசிரியராக இருந்த நிஷிதா செந்தாரோ அவருக்குத் துபாஷியாகவும் தோழராகவும் இருந்தார். குளிர்காலத்தில் ஹெர்ன் நோயுற்றார். வீட்டைக் கவனித்துக்கொள்ள வந்த சாமுராய் குடும்பத்துப் பெண் கொய்சுமி செட்சு பின்னர் அவருடைய மனைவியானார். இருவரும் தமக்குள் பேசிக்கொள்ள, இலக்கணம் குறைந்த ஒரு ஜப்பானிய நடையையே உருவாக்கிக்கொண்டார்கள். 1896இல் ஹெர்ன் ஜப்பானியக் குடிமகனாகி, கொய்சுமி யாகுமோ என்று பெயர் மாற்றிக்கொண்டார். எந்த அரசு ஏற்பாடும் இவ்வளவு ஆழமாக ஒருவரை அந்த மண்ணில் வேரூன்றச் செய்ததில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1977இல் அமெரிக்கர்களுக்கும் 1978இல் பிரிட்டிஷாருக்கும் சிறிய அளவில் தனித்தனித் திட்டங்கள் தொடங்கின. இவை 1987இல், அயல்நாட்டவரைப் பள்ளிகளில் கற்பிக்க அழைத்துவரும் அரசின் ‘ஜெட்’ திட்டத்தில் இணைந்தன. முதல் ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்தார்கள். 2002இல் எண்ணிக்கை 6,200ஐத் தாண்டியது. ஆளைத் தேர்ந்து அனுப்புவது நடுவண் அரசு என்றாலும், அவரை வேலைக்கு வைப்பது உள்ளாட்சிதான். ஆகவே குடியமர்த்தும் சுமை ஊர்க் கல்வி வாரியத்தின் தோளில் விழுந்தது.

முதல் சில வாரங்களின் நடைமுறை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஜூலை இறுதியிலோ ஆகஸ்டிலோ வந்திறங்குவோருக்கு டோக்கியோவில் ஓரிரு நாள் அறிமுகப் பயிற்சி நடக்கும். பிறகு அவரவர் மாவட்டத்துக்குப் பயணம். அங்கே கல்வி வாரியப் பொறுப்பாளர் புதியவரை நகராட்சி அலுவலகம், வங்கி, கைபேசிக் கடை என்று அழைத்துப்போவார். முகவரியைப் பதினான்கு நாளுக்குள் பதிய வேண்டும். ஓராண்டோ அதற்கு மேலோ தங்குவோர் 2000 வரை கைரேகையும் பதிக்க வேண்டியிருந்தது. ஆசிரியராக வந்தவரை இப்படி வரவேற்றது வேதனைக்குரியது. வாடகை வீட்டுக்கு முன்பணம் தவிர, வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத ‘ரெய்கின்’ தொகையும் பிணை நிற்க ஒருவரும் தேவைப்படுவதுண்டு. முதல் சம்பளம் கைக்கு வருமுன்பே இந்தச் செலவுகள் வந்து நிற்கும். அப்போது கோடை விடுமுறை. பள்ளியில் மாணவர்கள் இல்லை. புதியவர் அலுவலக மேசையில் நாள் முழுதும் சும்மா உட்கார்ந்திருப்பார். தனிமை கடுமையாகத் தாக்குவது இந்த நாட்களில்தான்.

இங்கே பேருதவியாக இருப்பவர் முன்பு அந்தப் பணியில் இருந்தவர். வீட்டுச் சாமான், பழைய கார், எந்த நாளில் எந்தக் குப்பையை வெளியே வைப்பது என்ற குறிப்பு, எந்த ஆசிரியரிடம் எதைக் கேட்கலாம் என்ற விவரம் ஆகியவற்றை அவர் விட்டுச்செல்வார். ஜெட் பங்கேற்பாளர்களின் ‘ஏஜெட்’ சங்கம் இரவில் தொலைபேசியில் காதுகொடுத்துக் கேட்கும் சேவையையும் நடத்தியது.

இந்த உதவி வலை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 2007 அக்டோபரில் நோவா ஆங்கில உரையாடல் பள்ளிகள் நொடித்தபோது ஆயிரக்கணக்கான அயல்நாட்டு ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். நிறுவனத்தின் வழியே வீடு பெற்றிருந்தவர்களுக்குக் குடியிருப்பும் கேள்விக்குறியானது. அரசுப் பள்ளிகளிலும், செலவைக் குறைக்க முனைந்த கல்வி வாரியங்கள் பல, தனியார் நிறுவனங்கள் வழியே ஆசிரியர்களைப் பெறத் தொடங்கின. அவற்றில் ஒப்பந்தப்பணி முறையில் வருபவருக்குப் பள்ளி ஆசிரியர் நேரடியாக வேலை சொல்லச் சட்டம் இடம் தருவதில்லை. ஒரே வகுப்பில் நிற்கும் இருவர் பாடத்தைக் கலந்து பேசுவதே சிக்கலாகும் இந்த ஏற்பாட்டில் புதியவர் எப்படிப் பழகுவார்?

2011 மார்ச் 11 ஆழிப்பேரலையில் இஷினோமாகியில் கற்பித்த டெய்லர் ஆண்டர்சனும் ரிகுசென்தகாதாவில் பணியாற்றிய மாண்ட்கோமரி டிக்சனும் உயிரிழந்தார்கள். இருவரும் ஜெட் ஆசிரியர்கள். இஷினோமாகிப் பள்ளிகளில் டெய்லரின் பெயரில் நூல் அடுக்குகள் அமைக்கப்பட்டன. 2012 ஜூலையில், முன்பு கைரேகை கேட்டுவந்த பழைய அயலார் பதிவு முறை ஒழிந்து குடியிருப்பு அட்டை வந்தது. 2020இல் டோக்கியோவின் யோட்சுயாவில், விசா, வேலை, சட்டம் குறித்துப் பல மொழிகளில் ஆலோசனை தரும் வெளிநாட்டவர் உதவி மையத்தை அரசு திறந்தது.