வெங்காயமும் கண்ணீரும்

"போடா வெங்காயம்" என்று யாரையும் திட்டாதவர்கள் நம்மில் இருக்க முடியாது. ஒன்றுக்கும் உதவாதவனைச் சொல்ல நாம் பிடித்து வைத்திருக்கும் பெயர் இது. ஆனால் இந்த வெங்காயம் ஒரு ஆட்சியையே ஆட்டிப் பார்த்திருக்கிறது. அந்தக் கதைக்கு முன்னால் கொஞ்சம் வரலாறு.

வெங்காயம் மத்திய ஆசியாவில் தோன்றியது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பழைய எகிப்தியர்கள் இதைப் புனிதமாக நினைத்தார்கள். கி.மு. 12ஆம் நூற்றாண்டில் இறந்த நான்காம் ராமசேஸ் மன்னரின் மம்மியில், கண் இருக்க வேண்டிய இடத்தில் வெங்காயம் வைத்திருந்தார்கள்! நம் நாட்டில் சரக சம்ஹிதை இதன் குணங்களைச் சொல்கிறது. ஆனால் 7ஆம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இங்கே வெங்காயம் தின்கிறவர்கள் குறைவு, தின்கிறவர்களை ஊருக்கு வெளியே வைத்துவிடுகிறார்கள் என்று எழுதினார்.

ஊருக்கு வெளியே வைத்த அந்தக் காய் இன்று எங்கே இருக்கிறது? எங்கள் விஸ்வநத்தத்தில் காலையில் பட்டாசு ஆபீஸ் வேனுக்கு நிற்கிறவர்களின் தூக்குவாளியைத் திறந்து பாருங்கள். கஞ்சி, பக்கத்தில் நாலைந்து சின்ன வெங்காயம். பெரிய வெங்காயத்துக்கு எங்கள் பக்கம் பல்லாரி என்று பெயர். கர்நாடகத்துப் பெல்லாரி ஊர்ப்பெயர் அப்படியே காய்க்கு ஒட்டிக்கொண்டது. கஞ்சிக்குப் பல்லாரி சரிப்படாது, சின்ன வெங்காயம்தான். பெரம்பலூர் பக்கம் இது அதிகம் விளைகிறது. விளாத்திகுளம், புதூர் கரிசலிலும் மிளகாய், மல்லியோடு விளைகிறது.

சத்து என்று பார்த்தால் பெரிய வெங்காயம் ஒன்றும் பெரிய வீரன் இல்லை. 100 கிராமில் 89 கிராம் தண்ணீர்தான். சுமார் 40 கலோரி, 1.7 கிராம் நார்ச்சத்து, 7 மில்லிகிராம் வைட்டமின் சி. குவர்செட்டின் என்ற பொருளும் உண்டு. நறுக்கும்போது செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த கந்தகப் பொருளும் நொதியும் சேர்ந்து ஒரு ஆவி கிளம்புகிறது. கண்ணீருக்குக் காரணம் அதுதான்.

அப்படியென்றால் இதற்கு ஏன் இவ்வளவு மவுசு? வெறும் கஞ்சி தொண்டையில் இறங்காது, வெங்காயத்தைக் கடித்தால் இறங்கும். அவ்வளவுதான். விலை ஏறினாலும் வாங்காமல் இருக்க முடியாது. பி.காம் பாடத்தில் இதை 'நெகிழ்ச்சியற்ற தேவை' என்று படிக்கிறோம். வரத்து கொஞ்சம் குறைந்தாலே விலை தாவுவது இதனால்தான். அதே காரணத்தால், வரத்து கொஞ்சம் கூடினாலும் விலை அதலபாதாளத்துக்குப் போய்விடும்.

1998இல் டெல்லியில் வெங்காயம் கிலோ 50 ரூபாயைத் தாண்டியது. அக்டோபரில் முதல்வரையே மாற்றிப் பார்த்தார்கள். நவம்பர் தேர்தலில் ஆளும் பாஜக தோற்றது. அன்றிலிருந்து விலை ஏறினாலே டெல்லிக்கு உதறல் எடுக்கும்.

ஆனால் விலை இறங்கினால்? 2023 பிப்ரவரியில் சோலாப்பூர் மண்டியில் ஒரு விவசாயி 512 கிலோ விற்றார். கிலோ ஒரு ரூபாய். கூலி, வண்டி வாடகை போக அவருக்கு வந்த செக் 2 ரூபாய்! அதே வருஷம் விலை ஏறியதும், டிசம்பரில் உடனே ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2024 மே மாதம்தான் நீங்கியது.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. 1955இல் இரண்டு வியாபாரிகள் சிகாகோவில் வெங்காயத்தை வளைத்துப் போட்டார்கள். பிறகு விலை இறங்கும் என்று பந்தயம் கட்டி, மொத்தத்தையும் சந்தையில் கொட்டினார்கள். 1956 மார்ச்சில் 50 பவுண்டு மூட்டை 10 சென்ட். சாக்கின் விலைகூட அதைவிட அதிகம். விவசாயிகள் கொதித்தெழ, 1958இல் வெங்காயத்தில் முன்பேர வர்த்தகமே கூடாது என்று சட்டம் வந்தது. அந்தத் தடை இன்றும் இருக்கிறது. அங்கே சட்டம் வந்தது விலை விழுந்ததற்காக என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் உண்டு. விலை ஏறினால் அம்மா கடைக்காரரிடம் கால் கிலோ போதும் என்பார். கரிசலில் வெங்காயம் போட்ட தாத்தாவோ, ஒரு வருஷம் பிடுங்குகிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று பயிரைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர். அம்மா கால் கிலோ வாங்கிய வருஷங்களெல்லாம் பேப்பரில் வந்தன. தாத்தாவின் அந்த வருஷம் எதிலும் வரவில்லை.

அடுத்த முறை "வெங்காயம் விலை வீழ்ச்சி, இல்லத்தரசிகள் மகிழ்ச்சி" என்று செய்தி பார்த்தால், அந்த மூட்டை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்றும் ஒரு நிமிஷம் யோசியுங்கள் நண்பர்களே.